நாணல் துண்டைப் பேச வைத்த அடால்ப் சாக்ஸ்

கல்யாண வீட்டில் ஒரு பித்தளை வாத்தியம் ஒலிக்கிறது. தங்கம் போல மின்னுகிறது. அதன் அடிப்பாகம் யானைத் துதிக்கை போல மேல்நோக்கி வளைந்திருக்கிறது. உடம்பெல்லாம் மூடிகளும் கம்பிகளும். வித்வான் கண்களை மூடிக்கொண்டு ஊதுகிறார். பந்தலே சொக்கிப் போகிறது. குழந்தைகள் விளையாட்டை மறந்து அவர் முன்னால் வாய் பிளந்து நிற்கிறார்கள்.

அந்த வாத்தியத்தின் பெயர் சாக்ஸபோன்.

வீணையை முதலில் செய்தவர் யார்? மிருதங்கத்துக்கு முதலில் தோல் கட்டியவர் யார்? நமக்குத் தெரியாது. சாக்ஸபோனைச் செய்தவரை உலகம் அறியும். அவர் பெயரே அதன் பெயர். அவர்தான் அடால்ப் சாக்ஸ். கிரேக்க மொழியில் போன் என்றால் குரல், ஓசை என்று பொருள். சாக்ஸின் குரல்தான் சாக்ஸபோன்.

அந்தக் குரல் எங்கே பிறக்கிறது? பித்தளைக் குழாயிலா? இல்லை. வித்வான் வாயில் வைத்திருக்கிறாரே ஒரு சின்னத் துண்டு, அங்கேதான் பிறக்கிறது. விரல் அளவே உள்ள ஒரு நாணல் தகடும், அதைத் தாங்கும் ஒரு சிறு கூடும்தான் அத்தனை இசைக்கும் ஊற்று.

அந்த நாணலும் உதடும் சேரும் இடத்தில்தான் சாக்ஸ் தம் புகழைக் கண்டார். அதே உதட்டில்தான் விதி அவரைச் சோதித்தது. அந்தக் கதையைக் கேளுங்கள்.

சாவை வென்ற சிறுவன்

பெல்ஜியம் நாட்டில் தினான் என்று ஓர் ஊர். மியூஸ் ஆற்றங்கரையில் இருக்கிறது. நம் நாச்சியார்கோயில் குத்துவிளக்குக்குப் பெயர் போனது போல, தினான் பித்தளை வேலைக்குப் பெயர் போன ஊர். அங்கே 1814ஆம் ஆண்டு நவம்பர் 6ஆம் தேதி அடால்ப் பிறந்தார்.

தகப்பனார் பெயர் சார்லஸ் ஜோசப் சாக்ஸ். அவர் மரவேலை தெரிந்தவர். பின்பு ஊதும் வாத்தியங்கள் செய்யக் கற்றுக்கொண்டார். பிரஸ்ஸல்ஸ் நகருக்குக் குடிபெயர்ந்து பட்டறை வைத்தார். வீட்டில் பதினொரு குழந்தைகள். அடால்ப்தான் மூத்த பிள்ளை.

இந்தப் பிள்ளை பிழைக்குமா என்பதே பெற்றோருக்குக் கவலை. அத்தனை ஆபத்துகள்! மாடிப்படியிலிருந்து தலைகுப்புற விழுந்தான். பால் என்று நினைத்து அமிலம் கலந்த நீரைக் குடித்தான். குண்டூசியை விழுங்கினான். வெடிமருந்து வெடித்து உடம்பில் தீக்காயம் பட்டான். பட்டறையில் வார்னிஷ் பூசி உலரவைத்த பொருள்களுக்கு நடுவே படுத்து, மூச்சுத் திணறிப் போனான். ஒரு கல் தலையில் விழுந்தது. இன்னொரு நாள் ஆற்றில் விழுந்து, கடைசி நேரத்தில் கரை சேர்க்கப்பட்டான்.

அவர் வரலாற்றை எழுதியவர்கள் எல்லோரும் இந்தக் கதைகளைச் சொல்கிறார்கள். இந்தப் பிள்ளை துன்பப்படவே பிறந்தவன், உயிரோடு தங்கமாட்டான் என்று பெற்ற தாயே வருந்தினாளாம். ஆனால் அடால்ப் தங்கினார். அதோடு, எண்பது வயதை நெருங்கும்வரை வாழ்ந்தார்!

பட்டறையே பள்ளிக்கூடம்

தகப்பனாரின் பட்டறைதான் அடால்பின் விளையாட்டு மைதானம். மற்றப் பிள்ளைகள் பம்பரம் சுற்றும் வயதில் இவர் குழாய்களைத் துளையிட்டார். கையில் உளியும் அரமும் பழகின.

வாத்தியம் செய்கிறவர்கள் பலர் உண்டு. வாத்தியம் வாசிக்கிறவர்களும் பலர் உண்டு. இரண்டும் தெரிந்தவர்கள் மிகச் சிலர். சாக்ஸ் அந்தச் சிலரில் ஒருவர். பிரஸ்ஸல்ஸ் சங்கீதப் பள்ளியில் சேர்ந்து புல்லாங்குழலும் கிளாரினெட்டும் கற்றார். கிளாரினெட்டில் நல்ல தேர்ச்சி பெற்றார். 1830ஆம் ஆண்டு பிரஸ்ஸல்ஸ் பொருட்காட்சியில் தாம் தந்தத்தில் செய்த புல்லாங்குழல்களையும் கிளாரினெட்டையும் வைத்தார். அப்போது அவருக்கு 16 வயதுகூட நிறையவில்லை.

பகலில் செய்தார். மாலையில் அதையே ஊதிப் பார்த்தார். எந்த இடத்தில் ஓசை அடைக்கிறது என்று உதடு சொன்னது. அந்த இடத்தைக் கை திருத்தியது. இப்படி உதடும் கையும் ஒன்றுக்கொன்று பாடம் சொல்லிக் கொடுத்தன.

சீவாளியும் ரீட்டும்

கிளாரினெட்டின் ஓசை எப்படி உண்டாகிறது? நம் நாதஸ்வரத்தை நினைத்துப் பாருங்கள். வித்வானின் நாதஸ்வரத்தில் சில சீவாளிகள் கொத்தாகத் தொங்கும். ஒன்று சரியில்லை என்றால் உடனே அடுத்ததை மாட்டுவார். ஊதுவதற்கு முன் சீவாளியை வாயில் வைத்து எச்சிலில் ஊறவைப்பார். சீவாளி பதமாக இல்லாவிட்டால் எத்தனை பெரிய வித்வானுக்கும் நாதம் பேசாது.

நாதஸ்வரத்தின் சீவாளியில் இரண்டு இதழ்கள் உண்டு. ஒன்றோடொன்று மோதி அதிர்கின்றன. கிளாரினெட்டில் ஒரே ஓர் இதழ்தான். அதற்கு ரீட் என்று பெயர். அந்த ரீட்டைத் தாங்க அலகு போன்ற ஒரு கூடு இருக்கிறது. அதற்கு மௌத்பீஸ் என்று பெயர். கூட்டின் அடிப்பக்கத்தில் நீளமான ஒரு திறப்பு. அந்தத் திறப்பின் மேல் ரீட்டை வைத்து ஒரு பட்டையால் இறுக்குவார்கள். நுனியில் மட்டும் ரீட்டுக்கும் கூட்டுக்கும் நடுவே நூலிழை போன்ற ஓர் இடைவெளி இருக்கும்.

ஊதுகிறவர் மேல்பற்களைக் கூட்டின் மேல் வைக்கிறார். கீழ் உதட்டைக் கீழ்ப்பற்களின் மேல் மெத்தை போல மடித்து, ரீட்டை அதன்மேல் தாங்குகிறார். காற்று அந்த இடைவெளியில் பாய்கிறது. ரீட் ஒரு வினாடிக்கு நூற்றுக்கணக்கான தடவை திறந்து மூடுகிறது. அந்தத் துடிப்பைக் குழாய் வாங்கி நாதமாக்குகிறது.

ரீட்டின் நுனி எவ்வளவு மெல்லியது தெரியுமா? ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான். அது ஒரு மயிரிழை தடித்தாலும் ஓசை மாறிவிடும்.

பிறந்தது புதுக் குரல்

சாக்ஸ் முதலில் கை வைத்தது பாஸ் கிளாரினெட் என்ற பெரிய கிளாரினெட்டில். அது ஆழ்ந்த கீழ்க்குரல் கொடுக்க வேண்டிய வாத்தியம். அதற்கு முன்பு பலர் அதைச் செய்து பார்த்திருந்தார்கள். யாருக்கும் திருப்தியில்லை. சாக்ஸ் அதன் குழாயை அகலப்படுத்தினார். துளைகளைச் சரியான இடத்துக்கு மாற்றினார். 1838ஆம் ஆண்டில் அதற்கு உரிமைப் பத்திரம் பெற்றார். இன்று நாம் கேட்கும் பாஸ் கிளாரினெட் அவர் காட்டிய வழியில் வந்ததுதான்.

அதோடு அவர் மனம் ஓயவில்லை. ராணுவ வாத்தியக் கோஷ்டியில் ஒரு குறை அவர் கண்ணில் பட்டது. பித்தளை வாத்தியங்கள் முழங்கின. மர வாத்தியங்கள் இனித்தன. ஆனால் திறந்த வெளியில் பித்தளையின் முழக்கத்தில் மரத்தின் இனிமை மூழ்கிப் போயிற்று. இரண்டுக்கும் நடுவே பாலம் போடும் ஒரு குரல் வேண்டும் என்று நினைத்தார்.

அக்காலத்தில் ஓபிக்லைடு என்று ஒரு பித்தளை வாத்தியம் இருந்தது. மேலே குறுகி, கீழே விரிந்துகொண்டே போகும் கூம்புக் குழாய் அது. அந்த மாதிரியான பித்தளைக் கூம்பின் தலையில், கிளாரினெட்டின் மௌத்பீஸையும் ரீட்டையும் பொருத்தினால் என்ன?

பொருத்திப் பார்த்தார். புதுக் குரல் பிறந்தது!

குழாய் எந்தப் பொருளால் ஆனது என்பதைவிட, உள்ளே காற்று நிற்கும் வடிவமே ஓசையைத் தீர்மானிக்கிறது என்பது சாக்ஸின் கொள்கை. மௌத்பீஸிலும் அதையே கடைப்பிடித்தார். சாக்ஸபோனுக்கு அவர் செய்த மௌத்பீஸ் மரத்தால் ஆனது. அதன் உட்புறம் உருண்டையாக, விசாலமாக இருந்தது. காற்று அங்கே நெருக்கடி இல்லாமல் உருண்டு குழாய்க்குள் சென்றது. அதனால் ஓசையில் கூச்சல் இல்லை. மனிதக் குரல் போன்ற ஒரு மென்மையும் கனமும் இருந்தன.

பாரிஸ் அழைத்தது

பிரஸ்ஸல்ஸில் சாக்ஸுக்குப் பாராட்டு கிடைத்தது. ஆனால் முதல் பரிசு கிடைக்கவில்லை. ஒரு பொருட்காட்சியில் அவருக்கே முதலிடம் என்று நடுவர்கள் கண்டும், வயது போதாது என்று தங்கப் பதக்கத்தை மறுத்தார்களாம். இரண்டாம் பதக்கத்தைச் சாக்ஸ் வாங்க மறுத்துவிட்டார். அத்தனை ரோஷக்காரர்!

1842ஆம் ஆண்டில் பாரிஸ் நகருக்குப் போனார். பையில் 30 பிராங்குதான் இருந்தது என்பார்கள். அங்கே பெர்லியோஸ் என்ற பெரிய இசை மேதையைச் சந்தித்தார். பெர்லியோஸ் பத்திரிகைகளிலும் எழுதி வந்தவர். எளிதில் யாரையும் புகழாதவர். அவர் சாக்ஸின் வாத்தியங்களைக் கேட்டார். அந்த ஆண்டு ஜூன் மாதம் ஒரு பெரிய பத்திரிகையில் சாக்ஸைப் பாராட்டிக் கட்டுரை எழுதினார். மறுநாளே பாரிஸ் சங்கீத உலகம் முழுவதும் சாக்ஸ் என்ற பெயரை அறிந்துவிட்டது.

1844ஆம் ஆண்டு பிப்ரவரியில் பெர்லியோஸ் நடத்திய கச்சேரியில் சாக்ஸபோன் மேடை ஏறியது. ஊதியவர் சாக்ஸேதான். வாத்தியம் அப்போது முழுமையாக முடிந்திருக்கவில்லை. சில இடங்களில் கயிற்றாலும் அரக்காலும் ஒட்டு வைத்து அதைக் கொண்டுவந்தார் என்று சொல்வார்கள். ஒட்டுப் போட்ட குழாய்! ஆனால் ரீட் பேசியது. சபை கேட்டு அசந்தது.

மைதானத்தில் போட்டி

பிரான்ஸ் நாட்டு ராணுவ வாத்தியக் கோஷ்டிகள் அக்காலத்தில் சீர்கெட்டுக் கிடந்தன. புதிய வாத்தியங்களைச் சேர்க்க வேண்டும் என்றார் சாக்ஸ். பழையதே போதும் என்றார்கள் மற்றவர்கள். ராணுவ சங்கீதப் பள்ளியின் தலைவர் கராபா, பழைய கட்சிக்குத் தலைமை தாங்கினார். சரி, இரண்டு கோஷ்டிகளும் மக்கள் முன்னால் வாசிக்கட்டும் என்று முடிவாயிற்று.

1845ஆம் ஆண்டு ஏப்ரல் 22ஆம் தேதி. பாரிஸில் ஷாம் தெ மார்ஸ் என்ற பெரிய மைதானம். பின்னாளில் ஈபில் கோபுரம் எழுந்தது இந்த மைதானத்தின் ஓரத்தில்தான். இருபதாயிரம் பேர் கூடினார்கள் என்று சொல்கிறார்கள். கராபா பக்கம் 45 பேர். சாக்ஸின் பக்கம் 38 பேர்தான். வரவேண்டிய ஏழு பேர் வரவில்லை. எதிரிகள் அவர்களைப் பணத்தால் தடுத்துவிட்டார்கள் என்று பேச்சு. சாக்ஸ் தாமே வாத்தியத்தை எடுத்துக்கொண்டு கோஷ்டியில் நின்றார்.

முடிவு? கூட்டம் சாக்ஸின் பக்கம் ஆரவாரம் செய்தது. சாக்ஸின் வாத்தியங்களைச் சேர்க்கும்படி அரசாங்கம் அதே ஆண்டில் உத்தரவு போட்டது. மறு ஆண்டு, 1846இல், சாக்ஸபோனுக்கு உரிமைப் பத்திரம் கிடைத்தது. பெரியதும் சிறியதுமாக ஒரு குடும்பம் முழுவதையும் அவர் அந்தப் பத்திரத்தில் வரைந்திருந்தார்.

பொறாமைத் தீ

வெற்றி வந்ததும் பகையும் வந்தது. பாரிஸில் பரம்பரையாக வாத்தியம் செய்து வந்தவர்கள் ஒன்றுகூடினார்கள். வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவன் நம் பிழைப்பைக் கெடுப்பதா என்று கொதித்தார்கள். சங்கம் அமைத்து வழக்குப் போட்டார்கள். சாக்ஸபோன் புதிய வாத்தியமே இல்லை என்றுகூட வாதாடினார்கள். வாத்தியக்காரர்களில் சிலர் சாக்ஸின் கருவிகளைத் தொடவே மறுத்தார்கள்.

வழக்குக்கு மேல் வழக்கு. வருஷத்துக்கு மேல் வருஷம். தீர்ப்பு பல தடவை சாக்ஸுக்குச் சாதகமாகத்தான் வந்தது. ஆனால் வழக்கில் வென்றவனும் தோற்றவனைப் போலத்தான் என்று நம் பெரியவர்கள் சொல்வார்களே, அதுதான் நடந்தது. சம்பாதித்ததெல்லாம் கோர்ட்டுக்குப் போயிற்று.

1848இல் பிரான்ஸில் புரட்சி. மன்னர் லூயி பிலிப் முடி துறந்தார். சாக்ஸுக்குக் கிடைத்த ராணுவ உத்தரவும் ரத்தாயிற்று. 1852இல் அவர் திவாலானார். மூன்றாம் நெப்போலியன் சக்கரவர்த்தியாக வந்த பிறகுதான் மறுபடியும் ஆதரவு கிடைத்தது. 1854இல் ராணுவக் கோஷ்டிகளில் சாக்ஸின் வாத்தியங்கள் திரும்ப இடம் பெற்றன.

உதட்டில் கட்டி

இதற்கு நடுவில்தான் எல்லாவற்றிலும் கொடிய சோதனை வந்தது.

1853ஆம் ஆண்டு வாக்கில் சாக்ஸின் உதட்டில் ஒரு கட்டி தோன்றியது. கறுத்து வளர்ந்தது. புற்றுநோய் என்றார்கள் வைத்தியர்கள். ஆண்டுகள் சென்றன. கட்டி பெரிதாகிக்கொண்டே போயிற்று. அறுத்து எடுத்தால் முகமே சிதைந்துபோகும் என்ற பயம்.

நினைத்துப் பாருங்கள். ரீட்டுக்கு மெத்தையாக இருக்க வேண்டிய உதடு அது. செய்ததை ஊதிப் பார்த்துத் திருத்தியவர் அவர். தச்சனுக்குக் கை போன பிறகு உளி எதற்கு? உதடு போனால் அவருக்கு வாத்தியம் எதற்கு? வெளியே வழக்கு, வீட்டில் கடன், முகத்தில் கட்டி. இத்தனைக்கும் நடுவே பட்டறையை மூடாமல் நடத்தினார்.

கறுப்பு டாக்டர் என்று பாரிஸில் அழைக்கப்பட்ட ஒருவர் கடைசியில் மூலிகை மருந்து கொடுத்தார். 1859இல் கட்டி மறைந்து சாக்ஸ் குணமடைந்தார். அது புற்றுநோய்தானா, மருந்தால்தான் குணமானதா என்று இன்று நாம் சோதித்துப் பார்க்க முடியாது. அந்த டாக்டர் மீதே பின்பு வழக்கு நடந்து தண்டனையும் கிடைத்தது. இன்று வாயிலோ உதட்டிலோ ஆறாத புண், கட்டி எது வந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சாக்ஸ் பிழைத்தது அவர் அதிர்ஷ்டம்.

ஆசிரியர் சாக்ஸ்

நோயின் நடுவிலேயே 1857ஆம் ஆண்டில் பாரிஸ் சங்கீதக் கல்லூரியில் ராணுவ மாணவர்களுக்குச் சாக்ஸபோன் சொல்லிக் கொடுக்கும் வேலை கிடைத்தது. 1870 வரை அதை நடத்தினார். தம் வாத்தியத்துக்கு ஒரு தலைமுறையை அவரே தயார் செய்தார்.

சாக்ஸபோன் கற்கும் மாணவனுக்கு அன்றும் இன்றும் முதல் பாடம் விரலில் இல்லை. மௌத்பீஸிலும் ரீட்டிலும்தான் இருக்கிறது. உங்கள் வீட்டுப் பிள்ளை சாக்ஸபோன் கற்கிறதென்றால் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

ரீட் செய்யும் நாணல் தெற்கு பிரான்ஸில் மத்தியதரைக் கடலோரத்தில் நன்றாக விளைகிறது. நம் சீவாளிக்குக் காவிரிக்கரைத் தட்டை போல, ரீட்டுக்கு அந்த நாணல். இரண்டு வருஷம் வளரவிட்டுக் குளிர்காலத்தில் வெட்டுகிறார்கள். வெயிலில் காயவைத்துப் பிளந்து சீவுகிறார்கள்.

ரீட்டுக்கு 2, 2½, 3 என்று எண் உண்டு. எண் ஏற ஏற ரீட் விறைப்பாக இருக்கும். பெரிய எண் வாங்கினால் பெரிய வித்வான் ஆகலாம் என்று நினைக்கக்கூடாது! மௌத்பீஸின் நுனி இடைவெளி அகலமாக இருந்தால் இளகிய ரீட் வேண்டும். இடைவெளி குறுகலாக இருந்தால் விறைப்பான ரீட் வேண்டும். ஆல்டோ சாக்ஸபோனில் அந்த இடைவெளி சுமார் ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீட்டர்தான். பெண்ணும் மாப்பிள்ளையும் போல, இரண்டும் பொருந்த வேண்டும். புதிதாகக் கற்பவர் நடுத்தர இடைவெளியும் 2 அல்லது 2½ எண் ரீட்டும் வைத்துத் தொடங்குவது வழக்கம்.

ரீட்டை முதலில் நனைக்க வேண்டும். அதன் நுனியும் மௌத்பீஸின் நுனியும் சமமாக நிற்கும்படி வைத்துப் பட்டையை அளவாக இறுக்க வேண்டும். கோணலாக வைத்தால் கீச்சென்று கத்தும். சரியாகப் பொருந்தியதா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. மௌத்பீஸின் பின்துளையை உள்ளங்கையால் மூடி, காற்றை உறிஞ்சி வாயை எடுங்கள். ரீட் ஒரு கணம் ஒட்டிக்கொண்டு பிறகு டப் என்று விட்டால் பொருத்தம் சரி.

காற்றின் இரைச்சல் அதிகம் கேட்டு, ஊதக் கஷ்டமாக இருந்தால் ரீட் விறைப்பு. மிக மெல்லிய உப்புத்தாளில் லேசாகத் தேய்க்கலாம். இரண்டு தேய்ப்பு, ஒரு ஊதல் என்று பார்த்துப் பார்த்துச் செய்ய வேண்டும். தேய்த்ததைத் திரும்ப ஒட்ட முடியாது! மாறாக, ஓசை மெலிந்து இழுத்தால் ரீட் தளர்ந்துவிட்டது. அதற்கென உள்ள கத்தரிப்பானால் நுனியை மயிரிழை வெட்டினால் கொஞ்சம் விறைப்பு வரும்.

சுருதி ஏற வேண்டுமானால் மௌத்பீஸைக் குழாயில் உள்ளே தள்ள வேண்டும். இறங்க வேண்டுமானால் வெளியே இழுக்க வேண்டும். புது ரீட்டை முதல் நாளே மணிக்கணக்கில் ஊதக்கூடாது. சில நிமிஷம் ஊதித் துடைத்து வைத்து, நாலைந்து ரீட்டுகளை மாற்றி மாற்றிப் பழக்க வேண்டும். பத்து வாங்கினால் பத்தும் ஒன்றுபோல இருக்காது. நாணல் மண்ணில் விளைந்த பொருள் அல்லவா?

ஏலத்துக்கு வந்த செல்வம்

1866இல் சாக்ஸபோனின் உரிமைப் பத்திரம் முடிந்தது. அதன்பின் யார் வேண்டுமானாலும் அதைச் செய்யலாம். மற்றவர்கள் செய்து விற்றார்கள். 1870இல் பிரான்ஸுக்கும் ஜெர்மானியர்களுக்கும் போர் மூண்டது. மூன்றாம் நெப்போலியன் வீழ்ந்தார். சாக்ஸை ஆதரித்த கை போயிற்று. கல்லூரியில் அவர் வகுப்பும் மூடப்பட்டது. பாரிஸ் கல்லூரியில் மறுபடியும் சாக்ஸபோன் வகுப்பு தொடங்கியது 1942இல்தான்!

1873இல் இரண்டாம் திவால். 1877இல் மூன்றாம் திவால். அவர் ஆயுள் முழுவதும் ஆசையோடு சேகரித்த நானூறுக்கும் மேற்பட்ட பழைய வாத்தியங்கள் அந்த ஆண்டு ஏலத்துக்கு வந்தன. ஒவ்வொன்றும் ஒவ்வொருவர் கைக்குப் போயிற்று. 1887இல், முதுமையில், தமக்கு நேர்ந்த அநீதிகளை எடுத்துச் சொல்லிப் பொதுமக்களுக்கு ஒரு முறையீடு எழுதினார். உலகத்துக்கு வாத்தியம் கொடுத்தவர் உதவி கேட்கும் நிலை.

1894ஆம் ஆண்டு பிப்ரவரியில் பாரிஸில் சாக்ஸ் காலமானார். மோன்மார்த்ர் இடுகாட்டில் அடக்கம் செய்யப்பட்டார். மகன் அடால்ப் எட்வர்ட் பட்டறையைத் தொடர்ந்தார். பின்னர் அது செல்மர் கம்பெனிக்கு விற்கப்பட்டது.

மாறிய கூடு, மாறாத நாணல்

அவர் போன பிறகுதான் அவர் வாத்தியம் உலகம் சுற்றியது. 1920களில் அமெரிக்காவில் சாக்ஸபோன் மோகம் தலைக்கேறியது. ஜாஸ் என்ற புதிய இசை அதைத் தூக்கி வைத்துக்கொண்டது. கோல்மன் ஹாக்கின்ஸ், சார்லி பார்க்கர் போன்ற கறுப்பின மேதைகள் அதில் அழவும் சிரிக்கவும் செய்தார்கள்.

பெரிய மண்டபங்களில், பெரிய கோஷ்டிகளுக்கு நடுவே, ஓசை துளைத்துக்கொண்டு போக வேண்டியிருந்தது. சாக்ஸ் வகுத்த விசாலமான உருண்டைக் கூடு அதற்குப் போதவில்லை. மௌத்பீஸின் உட்புறத்தைக் குறுக்கினார்கள். நுனி இடைவெளியை அகலமாக்கினார்கள். மரம் போய், ரப்பரைக் கெட்டியாக்கிச் செய்த எபொனைட்டும் உலோகமும் வந்தன. ஓசை பிரகாசமாயிற்று. உரத்தும் ஒலித்தது. ஆனால் சாக்ஸ் கேட்ட அந்த மென்மை குறைந்தது.

இது முறையல்ல என்று ஒரு வித்வான் பிடிவாதமாக நின்றார். அவர் பெயர் சிகுர்ட் ராஷர். ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவில் குடியேறியவர். 2001இல் மறையும்வரை, சாக்ஸ் செய்த மாதிரி உருண்டைக் கூடுதான் சாக்ஸபோனின் உண்மைக் குரல் என்று சொல்லி வந்தார். அவர் வழி நடப்பவர்கள் இன்றும் அதைத் தேடி வாங்குகிறார்கள். இரண்டு குரலுக்கும் ரசிகர்கள் இருக்கிறார்கள். கச்சேரி எது என்பதைப் பார்த்துக் கூட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அவ்வளவுதான்.

நம் நாட்டிலும் அந்தக் குரல் ஊன்றியது. நாதஸ்வர வித்வான் மகனாகக் கர்நாடகத்தில் பிறந்த கத்ரி கோபால்நாத், மைசூர் அரண்மனை வாத்தியக் கோஷ்டியில் சாக்ஸபோனைக் கேட்டு மனத்தைப் பறிகொடுத்தார். கமகத்துக்கு ஏற்காத வாத்தியம் என்று பலர் சொன்னதைப் பல ஆண்டு சாதகத்தால் பொய்யாக்கினார். 1994இல் வந்த டூயட் படத்தில் ஒலித்த சாக்ஸபோன் அவர் ஊதியதுதான். சாக்ஸ் மறைந்து சரியாக நூறாவது ஆண்டு! கோபால்நாத் 2019இல் மறைந்தார். இன்று நம் ஊர்க் கல்யாணங்களில் ஒலிக்கும் சாக்ஸபோனுக்கு அவரே வழிகாட்டி.

சாக்ஸ் வறுமையில் மாண்டு ஒரு நூற்றாண்டு கழித்து, 1996இல், பெல்ஜியம் அரசாங்கம் 200 பிராங்கு நோட்டில் அவர் முகத்தை அச்சிட்டது. மூன்று தடவை திவாலானவர் முகம் பண நோட்டில்! யூரோ நாணயம் வந்து அந்த நோட்டும் 2002இல் புழக்கத்திலிருந்து போய்விட்டது.

போகாமல் நிற்பது அந்தக் குரல்தான். அடுத்த தடவை கல்யாணப் பந்தலில் சாக்ஸபோன் கேட்டால், ஊதத் தொடங்குமுன் வித்வானைக் கவனியுங்கள். ரீட்டை எடுப்பார். வாயில் வைத்து நனைப்பார். வெளிச்சத்தில் தூக்கி நுனியைப் பார்ப்பார். கூட்டில் வைத்து விரலால் ஒரு மயிரிழை நகர்த்துவார். அதன் பிறகுதான் ஊதுவார். பிரஸ்ஸல்ஸ் பட்டறையில் ஒரு பையன் செய்த அதே வேலை அது.